18 கணினிகளும் ஒரு கறுப்புத் திரையும்: கிளிநொச்சிப் பயிற்சிக்கூடமொன்றில் மெய்நிகர் இயந்திரங்களின் திரை அமைப்பு

பின்னணி

ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கும் ஒரு சிறிய பயிற்சி நிலையம் இது. பெயர் வேண்டாம். க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்களும், அனுமதி கிடைக்காமல் வேறு வழி தேடுபவர்களும் அங்கே படிக்கிறார்கள். காலையில் அலுவலக மென்பொருள் வகுப்பு, பின்னேரத்தில் லினக்ஸ் அடிப்படைகள். பின்னேர வகுப்பு என் பொறுப்பு. 2023 இன் முற்பாதியில், வாரம் இரண்டு நாள் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன்.

கூடத்தில் 18 மேசைக் கணினிகள். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவற்றைச் சேர்த்து அனுப்பியவை. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 8 ஜிபி நினைவகம், செயலிக்குள்ளேயே அடங்கிய கிராபிக்ஸ், 1366×768 திரை, விண்டோஸ் 10. தட்டி எறியத்தக்க இயந்திரங்கள் அல்ல. ஆனால் பிழை செய்தால் மன்னிக்கிற இயந்திரங்களும் அல்ல.

விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவலாம் என்று நான் கேட்டபோது, நிலையப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். “காலை வகுப்புக்குப் பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிறார்கள், சேர். ஓர் இயந்திரம் படுத்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே விர்ச்சுவல்பொக்ஸ் 6.1 க்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 22.04 ஐ மெய்நிகர் இயந்திரமாக, அதாவது விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் ஓடும் பாவனைக் கணினியாக, ஓட்டுவது என்று முடிவானது. அப்படி ஓட்டித் தரும் மென்பொருள்தான் விர்ச்சுவல்பொக்ஸ். இந்தக் கட்டுரையில் வெளியே இருக்கும் விண்டோஸை வெளிக் கணினி என்றும், உள்ளே ஓடும் லினக்ஸை உள் இயந்திரம் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாள் கண்டவை

முதல் வகுப்பே உபுண்டுவை நிறுவுவதுதான். பதினைந்து நிமிடத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினார். “சேர், அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தானைக் காணவில்லை.” போய்ப் பார்த்தேன். உள் இயந்திரம் 800×600 அளவுக்குள் நின்றது. நிறுவும் சாளரத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விட்டது. தொடர் என்ற பொத்தான் இருந்த இடத்தில் அதன் மேல் விளிம்பு மாத்திரம், ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை அதையும் பொருட்படுத்தாமல், டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, கண்ணுக்குத் தெரியாத பொத்தானை அழுத்தி நான்கு பக்கம் கடந்திருந்தார். ஐந்தாவது பக்கத்தில்தான் கணக்குப் பிழைத்திருக்கிறது.

ஆல்ட் விசையையும் எஃப்7 ஐயும் சேர்த்து அழுத்தினால் சாளரத்தை மேலே நகர்த்தலாம். அதைச் சொல்லிக்கொடுத்து அன்றைய வகுப்பை ஓட்டினேன். நிறுவி முடிந்தபின் வேறொரு தொல்லை தொடங்கியது. உள் இயந்திரத்தில் சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு கணம் தாமதித்து வந்தது. சாளரத்தை இழுத்தால் அது துண்டு துண்டாக நகர்ந்தது. இன்னொன்றையும் அன்று கவனித்துவிட்டு, பொருட்படுத்தாமல் விட்டேன்: மாணவர்கள் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்த கணத்திலேயே கூடத்துக் கணினிகளின் விசிறிகள் எல்லாம் ஒன்றாக இரையத் தொடங்கின. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே பாதி விடை இருந்தது.

முதல் முடிவும் அதன் விளைவும்

திரை மந்தமாக இருந்தால் காட்சி நினைவகத்தைக் கூட்டு, முப்பரிமாண முடுக்கத்தைப் போடு. எங்கே கேட்டாலும் முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான். முதலாவது திரைப் படத்தை வைத்திருக்கும் இடம், இரண்டாவது வரையும் வேலையைக் கிராபிக்ஸ் வன்பொருளிடம் விடும் வசதி. நானும் அதையே செய்தேன். இரண்டாவது நாள், வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், 18 இயந்திரங்களிலும் காட்சி நினைவகத்தை 16 எம்பியிலிருந்து அமைப்புச் சாளரம் அனுமதிக்கும் உச்சமான 128 எம்பிக்கு ஏற்றினேன். முடுக்கத்துக்கான கட்டத்தில் சரி அடையாளம் இட்டேன். ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகவில்லை. நேரம் இல்லை என்பது காரணம். காரணம் போதாது.

வகுப்புத் தொடங்கியதும் 11 இயந்திரங்கள் கறுப்புத் திரையில் ஓர் அம்புக்குறியை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. மற்ற ஏழில் மேசைத்தளம் வந்தது. அவற்றிலும் சிலவற்றில் பட்டியைத் திறந்தால் பழைய படத்தின் கிழிசல்கள் எஞ்சி நின்றன. அன்றைய வகுப்பு முழுவதும் கரும்பலகையில் கோப்பு அடைவுகளின் மரம் வரைவதில் கழிந்தது.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது செய்த கணக்கு இது. 1366×768 திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட்டு. மொத்தம் ஏறத்தாழ 42 இலட்சம் பைட்டு, அதாவது 4 எம்பி. 1920×1080 திரையென்றாலும் 8 எம்பிக்குள் அடங்கும். சாதாரணத் திரைக்கு 16 எம்பியே மிச்சம். குளத்தைப் பெருப்பித்து என்ன பயன், துருசு அடைபட்டிருந்தால்? வன்னியில் வளர்ந்தவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

ஓர் இயந்திரம், ஒரு கொப்பி

அடுத்த முறை போனபோது வகுப்பைப் பொறுப்பாளரிடம் கெஞ்சி ஒத்திவைத்தேன். ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மாற்றி, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன். டேப் விசைப் பிள்ளையும் கூட இருந்தார். எழுத்து அவருடையது, என்னுடையது வாசிக்க முடியாது.

முதலில் முடுக்கத்தை நிறுத்திவிட்டு, காட்சி நினைவகத்தை மாத்திரம் 16, 64, 128 என்று மாற்றினோம். வேகத்தில் வித்தியாசமே இல்லை. உள் இயந்திரத்தின் அமைப்புகளில் ‘பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்தோம். கிராபிக்ஸ் என்ற வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் விசிறிச் சத்தத்தை விளக்கிவிட்டது. கிராபிக்ஸ் வன்பொருள் எதுவும் கைக்கு எட்டாதபோது, அந்த வேலை முழுவதையும் செயலியின் தலையில் கட்டும் மென்பொருள்தான் எல்எல்விஎம்பைப். உபுண்டுவின் இயல்பான மேசைத்தளமோ நிழல், அசைவு, மங்கல் என்று ஒவ்வொரு சாளரத்தையும் முப்பரிமாண வழியில் வரைகிறது. வரைவதற்கு ஆள் இல்லாத வீட்டில் செயலியே சுவருக்கும் வண்ணம் பூசிக்கொண்டிருந்தது.

அடுத்ததாக, அமைப்புச் சாளரத்தின் அடியில் ஓர் எச்சரிக்கை இருப்பதைப் பிள்ளைதான் காட்டினார். பரிந்துரைக்கப்பட்ட கிராபிக்ஸ் கட்டுப்படுத்தி, அதாவது உள் இயந்திரத்துக்குக் காட்டப்படும் பாவனைக் கிராபிக்ஸ் அட்டை, பயன்படுத்தப்படவில்லை என்றது அது. எனக்கு முன் அங்கே கற்பித்த ஒருவர் விண்டோஸ் 7 க்காக உருவாக்கிய மெய்நிகர் இயந்திரத்தின் பெயரை மாற்றிவிட்டு, அதே சட்டத்தில், அதாவது அதன் பழைய அமைப்புகளுக்குள், நாங்கள் உபுண்டுவை நிறுவியிருந்தோம். ஆகவே கட்டுப்படுத்தி விபொக்ஸ்எஸ்விஜிஏ என்றே நின்றது. விண்டோஸ் 7 உம் அதற்குப் பிந்தியவையும் உள்ளே ஓடும்போது பொருந்துவது அது. லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ. மாற்றியதும் எச்சரிக்கை மறைந்தது, வேகம் அப்படியே இருந்தது.

அதே பழைய சட்டத்தில் செயலி எண்ணிக்கை 1 என்று இருந்தது. 2 ஆக்கினோம். கையில் உணரக்கூடிய மாற்றம் முதன்முதலாக அப்போதுதான் வந்தது. எல்எல்விஎம்பைப் தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்துச் செய்யக்கூடியது. ஒரே செயலியைக் கொடுத்துவிட்டு அது மந்தமாக இருக்கிறது என்று நொந்துகொள்வதில் பொருளில்லை. உற்சாகத்தில் 4 ஆக்கினோம். இப்போது வெளிக் கணினி மூச்சுத் திணறியது. அந்தச் செயலியில் வேலை செய்யும் உண்மையான கருக்கள் இரண்டுதான், மற்ற இரண்டும் அதே கருக்களைப் பங்கிடும் இழைகள். சறுக்குப் பட்டை சிவப்புப் பகுதிக்குள் போவதைப் பார்த்தும் போட்டது என் பிழை. 2 க்கே திரும்பினோம்.

இறுதியாக, எடைகுறைந்த மேசைத்தளம். உபுண்டுவுக்குப் பதிலாக சுபுண்டு 22.04 ஐ நிறுவி, சாளர நிழல்களை வரையும் பகுதியையும் நிறுத்தினோம். விசிறி அடங்கியது. சாளரத்தைப் பிடித்து இழுத்த பிள்ளை, “இது வேறு கணினி மாதிரி இருக்கிறது, சேர்,” என்றார். கொப்பியிலும் அதையே எழுதிவிட்டார். அழிக்கச் சொல்லவில்லை.

கறுப்புத் திரையின் காரணம்

ஏன் 11 இல் கறுப்பு, 7 இல் இல்லை? இயந்திரங்கள் எல்லாம் ஒரே வகை. ஆகவே வேறுபாடு வெளிக் கணினியில் இருக்க வேண்டும் என்று விண்டோஸின் சாதன நிர்வாகியைத் திறந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்ட கணினிகளில் கிராபிக்ஸை இயக்க இன்டெல் தரும் இயக்கி மென்பொருளே இல்லை. ‘மைக்ரோசொஃப்ட் அடிப்படைக் காட்சி அடாப்டர்’ என்ற தற்காலிக ஏற்பாட்டில் அவை ஓடிக்கொண்டிருந்தன. இணைய இணைப்பு இல்லாமல் நிறுவி, பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெய்நிகர் இயந்திரத்தின் முப்பரிமாண முடுக்கம் என்பது, உள்ளே பிறக்கும் வரைதல் கட்டளைகளை வெளிக் கணினியின் கிராபிக்ஸ் இயக்கியிடம் கையளிப்பது. கையை நீட்டினால் வாங்குவதற்கு அங்கே ஆள் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க சாதன நிர்வாகியே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கணினிகளில் வெளித் திரையே 1024×768 இல் நின்று, அகலத் திரைக்கு இழுபட்டிருந்தது. வட்டமான சின்னங்கள் எல்லாம் முட்டை வடிவில் இருந்தன. காலை வகுப்புக்காரர்கள் அந்த முட்டைகளுடன் பல மாதம் வாழ்ந்துவிட்டார்கள். யாருக்கும் அது கோளாறாகத் தோன்றவில்லை.

இயக்கியை என் மடிக்கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் அவற்றில் நிறுவினேன். முட்டைகள் வட்டமாயின. முடுக்கத்தைத் திரும்பப் போட்டபோது பெரும்பாலானவற்றில் மேசைத்தளம் வந்தது. ஆனால் கிழிசல்கள் முற்றாகப் போகவில்லை.

ஆமை

சுபுண்டுவை வைத்த பிறகும் மூன்று கணினிகள் மட்டும் அடம்பிடித்தன. மெய்நிகர் இயந்திரச் சாளரத்தின் அடிப்பட்டையில், மற்றவற்றில் செயலிச் சின்னம் இருக்கும் இடத்தில், இவற்றில் ஒரு சிறிய பச்சை ஆமை இருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்திருந்த மாணவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்கும் அப்போதுதான் தெரியவந்தது என்பதை ஒப்புக்கொண்டேன். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டச் செயலியில் உள்ள வசதியை விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்வி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பொக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்பதற்கு அடையாளம் அந்த ஆமை. வேறொரு வகுப்புக்காக அந்த மூன்றிலும் விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் துணைத்தொகுதியை யாரோ போட்டிருந்தார்கள். விண்டோஸ் அம்சங்களில் அதற்குரிய மெய்நிகர் தளத்தை நீக்கி, தொடக்கத்தில் ஹைப்பர்வி ஏறாதபடி அமைத்து, மீள்தொடக்கினேன். ஆமை போயிற்று.

இதைத் திரைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்கு அது திரைக் கோளாறாகவே தெரிகிறது.

இரண்டாவது முடிவு

18 இலும் ஒரே அமைப்பு: கட்டுப்படுத்தி விஎம்எஸ்விஜிஏ, முப்பரிமாண முடுக்கம் இல்லை, காட்சி நினைவகம் 32 எம்பி, செயலி 2, நினைவகம் 3 ஜிபி, சுபுண்டு. 16 போதும் என்று கணக்குச் சொன்னாலும், பின்னாளில் யாராவது பெரிய திரை கொண்டுவந்தால் என்று 32 வைத்தேன். முடுக்கம் ஒழுங்காக வேலை செய்யும் கணினிகளில் அதைப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போட்டால் அந்தக் கணினிகள் ஒரு மாதிரியும் மற்றவை வேறு மாதிரியும் நடக்கும். கற்பிக்கிற இடத்தில் ஒரே மாதிரி நடப்பதுதான் வேகத்தைவிட முக்கியம் என்று எனக்குப் பட்டது.

திரை அளவு சாளரத்துடன் சேர்ந்து மாறுவதற்கு உள் இயந்திரத்தில் விர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் வேண்டும். முதல் முயற்சியில் அது நிறுவப்பட்டதாகவே நினைத்தோம். உண்மையில் அதை உள்ளே கட்டியமைக்கத் தேவையான தொகுப்பானும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளும் இல்லாததால் அது பாதியில் நின்றிருந்தது. வேகமாக ஓடிய எழுத்துகளுக்கு நடுவே அந்தச் செய்தியை யாரும் வாசிக்கவில்லை. தேவையானவற்றை 18 தரம் இறக்க நிலையத்தின் டேட்டாவுக்குச் சக்தி இல்லை. ஆகவே ஒரே ஓர் இயந்திரத்தை முழுமையாக ஆயத்தம் செய்து, அதை ஒற்றைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வெளி வன்தட்டில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குமதி செய்தோம். இறக்குமதியின்போது வலையட்டை முகவரிகளைப் புதிதாக உருவாக்கும் தெரிவை மறக்கக்கூடாது. நாங்கள் இரண்டில் மறந்து, வலையமைப்பு வகுப்பில் அதற்குரிய தலையிடியை அனுபவித்தோம். ஒவ்வொன்றிலும் முதல் நிலையை, வேண்டும்போது திரும்பக்கூடிய ஸ்னாப்ஷொட் ஆக எடுத்துவைத்தோம். மின்தடை வந்து கோப்புகள் பழுதான நாள்களில் அதுதான் கைகொடுத்தது.

புள்ளி காணாமற்போன நாள்

எல்லாம் சரி என்றிருந்த மூன்றாம் வாரம், ஒரு மாணவர் தமிழில் தட்டிய கட்டுரையைக் காட்டினார். ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டியது. மெய்யெழுத்து எதற்கும் புள்ளி இல்லை. ‘கல்’ என்பது ‘கல’ என்றும், ‘மண்’ என்பது ‘மண’ என்றும் நின்றது. எழுத்துருக் கோளாறு என்று நினைத்து அதைத் துருவிக்கொண்டிருந்தேன். பிறகுதான், சாளரத்தின் மேலே இருக்க வேண்டிய பட்டியல் வரியே இல்லை என்பது கண்ணில் பட்டது.

வலப்பக்கக் கன்ட்ரோல் விசைதான் விர்ச்சுவல்பொக்ஸின் இயல்பான புரவலர் விசை, அதாவது உள் இயந்திரத்துக்குப் போகாமல் விர்ச்சுவல்பொக்ஸுக்கே கட்டளையிடும் விசை. அதனுடன் சி யை அழுத்தினால், உள் இயந்திரத்தின் திரையைப் படமாக எடுத்து, சாளர அளவுக்குச் சுருக்கிக் காட்டும் முறைக்குப் போய்விடும். பட்டியல் வரியும் மறைந்துவிடும். மாணவர் ஒரு வரியைப் பிரதியெடுக்க வலப்பக்கக் கன்ட்ரோலை அழுத்தியிருக்கிறார். கேட்டுத்தான் மாறியது, கேள்வி ஆங்கிலத்தில் வந்ததால் வாசிக்காமல் ஆம் என்றுவிட்டார். சிறிய சாளரத்துக்குள் சுருங்கியபோது முதலில் கரைந்தது புள்ளிதான். கோப்பில் எல்லாப் புள்ளிகளும் பத்திரமாக இருந்தன. ஆங்கில எழுத்தில் இதே சுருக்கம் சற்று மங்கலாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். தமிழில் சொல்லே மாறிவிடுகிறது.

அதே விசைகளை மறுபடி அழுத்தினால் பழைய நிலை திரும்பும். ஆனால் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட விசையை மாற்றுவது இலகு. எல்லாக் கணினிகளிலும் புரவலர் விசையை ஸ்க்ரோல் லொக் ஆக்கினோம். அந்த விசையை அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

விளைவு

ஏப்ரல் முடிவில் 18 இல் 17 ஒழுங்காக ஓடின. 18 ஆவதில் வெளிக் கணினியின் நினைவகமே பழுது. வகுப்பில் விசிறிச் சத்தம் குறைந்ததால் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. இரண்டரை வாரப் பாடம் பின்தங்கியது. அதில் ஒரு பகுதியைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்தோம்.

மறுபடி செய்வதானால்

உள் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் வெளிக் கணினியின் கிராபிக்ஸ் இயக்கியைப் பார்ப்பேன். வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அடிப்பட்டையில் ஆமை இருக்கிறதா என்பதையும் அதே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய சட்டத்தின் பெயரை மாற்றாமல், லினக்ஸ் என்ற வகையில் புதிதாக ஒரு மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கியிருந்தால், கட்டுப்படுத்தி பற்றிய வில்லங்கம் வந்திருக்கவே இருக்காது. எந்த மாற்றமும் முதலில் ஓர் இயந்திரத்தில், ஒரு நாள் முழுக்க ஓடிய பிறகுதான் மற்றவற்றுக்கு.

தீராதது ஒன்று உண்டு. அடுத்த அணி மாணவர்கள் பிளெண்டர் படிக்கக் கேட்டார்கள். முப்பரிமாண உருவங்களை வரையும் அந்த மென்பொருளுக்கு இந்த அமைப்பு உதவாது. பொறுப்பாளருடன் மறுபடி பேசினேன். இம்முறை நான்கு கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நேரடியாக நிறுவ இணங்கினார். அந்த நான்கையும் சுவர்ப் பக்கமாக ஒதுக்கி, மேலே சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறார். காலை வகுப்புப் பிள்ளைகள் அவற்றில் உட்காரக்கூடாது.